கலிலேயாக் கடலோரம் ஒரு நாள்: வேதாகமத் தலங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இஸ்ரேலின் வடக்கே, கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில், ஒரே நாளில் சுற்றிப் பார்க்கக்கூடிய தலங்களைப் பற்றியது இந்தப் பக்கம். திபேரியாவில் இரவு தங்கிக் காலையில் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இடப்பெயர்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி தரப்பட்டுள்ளன. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் கப்பர்நகூம் என்பது கப்பர்நாகும் என்று இருக்கும், ஊர் ஒன்றுதான்.

ஒரே நாளில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம்?

ஐந்து. பல பயணத் திட்டங்களில் எட்டு, பத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படிப் போனால் பேருந்தில் ஏறி இறங்குவதுதான் நினைவில் நிற்கும்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கடல் என்று சொன்னாலும் இது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் சுமார் 13. திபேரியாவிலிருந்து மக்தலா 6 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கெனோசார் அதற்கு அடுத்து, பிறகு தப்கா, தப்காவிலிருந்து கப்பர்நகூம் சுமார் 3 கிலோமீட்டர். நேரத்தைத் தின்பவை வாகன நிறுத்தம், வரிசை, கழிப்பறை, கடை இவைதான். நாற்பது பேர் கொண்ட குழு ஓர் இடத்தில் இறங்கி மறுபடி ஏறவே அரை மணி நேரம் ஆகிவிடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எந்த வரிசையில் போவது நல்லது?

காலை 8 மணிக்குக் கப்பர்நகூம் வாசலில் நில்லுங்கள். 10 மணிக்கு மேல் பெரிய குழுக்கள் வந்து சேரும்; வெயிலும் ஏறிவிடும். அங்கே ஒன்றேகால் மணி நேரம். அடுத்து மலைப்பிரசங்க மலை. பிறகு கீழே இறங்கித் தப்காவின் இரண்டு ஆலயங்கள். மதிய உணவு. அதன்பின் கெனோசாரில் பழைய படகு, கடைசியாக மக்தலா.

இந்த வரிசைக்குக் காரணம் மலைதான். அங்குள்ள ஆலயம் நண்பகலுக்குச் சற்று முன் மூடி, 2 மணி வாக்கில் மீண்டும் திறப்பது வழக்கம். 11.50-க்குப் போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிற குழுக்கள் நிறைய. எனவே 11 மணிக்குள் மலையை முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் பல இடங்கள் மாலையில் முன்கூட்டியே மூடும். திறப்பு நேரங்கள் மாறக்கூடியவை. முந்தைய நாளே தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கப்பர்நகூமில் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லின் நிறத்தை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஊரே புரிந்துவிடும்.

இந்தக் கரையில் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது பசால்ட் என்னும் எரிமலைக் கருங்கல். ஊரின் வீடுகள் எல்லாம் அதில் கட்டியவை. செதுக்காத கல், சுண்ணாம்புச் சாந்து இல்லை, இடுக்கில் சிறு கற்களும் மண்ணும். இந்தக் கறுப்பின் நடுவே ஜெபஆலயம், அதாவது யூதர்கள் கூடி வழிபடும் இடம், மட்டும் வெள்ளையாக நிற்கும். அது வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக்கல். உள்ளே நுழைந்ததும் “இயேசு போதித்த ஜெபஆலயம் இதுதான்” என்று சில வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. தளத்தின் அடியில் கிடைத்த ஆயிரக்கணக்கான நாணயங்கள் 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வெள்ளைக் கட்டடம் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

ஆனால் வெளிப்புறமாகச் சுற்றி வந்து வெள்ளைச் சுவரின் அடியைப் பாருங்கள். அங்கே கறுப்புக் கல் தெரியும். அது முதல் நூற்றாண்டு ஜெபஆலயத்தின் சுவர் என்பது அகழ்ந்தவர்களின் முடிவு. மேலே உள்ள கட்டடத்துக்காகப் போட்ட அடித்தளமே அது என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், நூற்றுக்கு அதிபதி என்ற படைத்தலைவர் கட்டிக் கொடுத்ததாக லூக்கா 7 சொல்லும் ஜெபஆலயத்தை நினைத்துக்கொள்ள ஏற்ற இடம் அந்தக் கறுப்பு வரிசைதான். பெரும்பாலானோர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

செதுக்குக் கற்களை வரிசையாக வைத்திருக்கும் பகுதியில் இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று, சக்கரம் வைத்த சிறு கோயில் போன்ற சிற்பம்; உடன்படிக்கைப் பெட்டி அல்லது வேதச் சுருள்களை வைக்கும் பேழை என்று அதை விளக்குவார்கள். மற்றொன்று, ஏழு கிளை விளக்குத்தண்டும் ஊதுகொம்பும் செதுக்கிய தூண் தலைப்பு. அருகிலேயே தானியம் அரைக்கும் எந்திரக்கற்கள் கிடக்கும். கீழ்க்கல் கூம்பு, மேல்கல் உடுக்கை வடிவம், எல்லாம் எரிமலைக் கல். சிறியோரை இடறச் செய்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி மாற்கு 9 சொல்கிறதே, அதன் கனம் என்ன என்பது பக்கத்தில் நின்றால் தெரியும்.

“பேதுருவின் வீடு” உண்மையிலேயே பேதுருவின் வீடுதானா?

பெயர்ப்பலகையோடு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கலிலேயாவின் நினைவுத் தலங்களில் இவ்வளவு வலுவான சான்று உள்ளவை குறைவு. பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் 1968-இல் தொடங்கிய அகழாய்வு அடுக்கடுக்காகக் காட்டியது இதுதான்: அடியில் முதல் நூற்றாண்டுச் சாதாரண வீடு. அதில் ஓர் அறைக்கு மட்டும் தரையும் சுவரும் திரும்பத் திரும்பச் சாந்து பூசப்பட்டுள்ளன. பக்கத்து வீடுகளில் அது இல்லை. பூச்சில் யாத்திரிகர்கள் கீறிய எழுத்துகள் உள்ளன, இயேசுவின் பெயர் உட்பட. 4-ஆம் நூற்றாண்டில் சுற்றுச்சுவர். 5-ஆம் நூற்றாண்டில் அதே அறையை நடுவில் வைத்து எண்கோண ஆலயம். ஓர் எளிய அறையை நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் விடாமல் போற்றி வந்திருக்கிறார்கள் என்பது உறுதி. அவர்கள் யாருடைய வீடு என்று நம்பினார்கள் என்பதும் தெளிவு.

இப்போது அதன்மேல் தூண்களில் நிற்பது 1990-இல் கட்டிய ஆலயம். நடுவே உள்ள கண்ணாடித் தளம் வழியாகக் கீழே உள்ள அறையைப் பார்க்கலாம். வழிபாடு நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள்; பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

சுவர்களின் கட்டுமானத்தை இன்னொரு முறை பாருங்கள். சாந்தில்லாத இந்தச் சுவர்கள் கனமான கூரையைத் தாங்காது. மரச் சட்டம், அதன்மேல் நாணலும் மண்ணும் என்பதே அந்தக் காலத்துக் கூரை. திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கியதை (மாற்கு 2) இங்கே உட்கார்ந்து வாசியுங்கள். கூரையை எப்படிப் பிரித்திருப்பார்கள் என்ற கேள்வியே எழாது.

தப்காவில் இரண்டு ஆலயங்கள் உள்ளனவே, இரண்டும் பார்க்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும். இடையே சில நிமிட நடைதான். தப்கா என்பது ஏழு ஊற்றுகள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரின் மருவு. ஊற்று நீர் இன்றும் ஓடுகிறது.

அப்பம் பெருகிய ஆலயத்தில் பார்க்க வேண்டியது தரையில். பீடத்துக்குக் கீழே ஒரு பாறை. அதன் முன்னே 5-ஆம் நூற்றாண்டு வண்ணக்கல் பதிப்பில் ஒரு கூடை, இரு பக்கமும் இரண்டு மீன்கள். கூடையில் அப்பங்களை எண்ணுங்கள்: நான்குதான் இருக்கும். ஐந்தாவது அப்பம் பீடத்தின்மேல் இருக்கிறது என்பது மரபான விளக்கம். மீன்களின் முதுகைப் பாருங்கள், இரண்டு துடுப்புகள் இருக்கும். இந்த ஏரியின் பேர்போன மீனுக்கு முதுகில் ஒரே நீளத் துடுப்புதான். பதித்தவர் உள்ளூர்க்காரர் அல்ல என்று இதை வைத்துச் சொல்வதுண்டு. ஆலயக் கட்டடத்தின் இடப்பக்கச் சிறகில் தாமரையும் நீர்ப்பறவைகளும், நைல் நதியின் மட்டத்தை அளக்கும் கோபுரமும் பதித்திருப்பது இதற்குத் துணை நிற்கிறது. கூட்டம் முழுவதும் கூடையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அந்தச் சிறகில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். லூக்கா 9 இந்த அற்புதத்தைப் பெத்சாயிதா பக்கம் வைக்கிறது, அது ஏரியின் வடகிழக்கு. தப்கா யாத்திரிகர்களின் நினைவு இடம். ஆனால் அந்த நினைவு மிகப் பழையது: 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகர் பெயரில் உள்ள குறிப்பே இங்குள்ள கல்லைச் சொல்கிறது.

அடுத்த ஆலயம், பேதுருவின் முதன்மை ஆலயம், கரையிலேயே நிற்கும் சிறு கறுப்புக்கல் கட்டடம், 1933-இல் எழுந்தது. யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்திருந்த காலை உணவை நினைக்கும் இடம். உள்ளே ஒரு பாறை, வெளியே பாறையில் வெட்டிய பழைய படிகள். தண்ணீரில் இறங்கலாம். வழுக்கும் கூழாங்கற்கள், வெறுங்காலில் வேண்டாம். மழை குறைந்த ஆண்டுகளில் நீர் பின்வாங்கியிருக்கும். முழு நாளில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார ஓர் இடம் வேண்டுமென்றால் இதுதான்.

மலைப்பிரசங்கம் நடந்தது இந்த மலையில்தானா?

மத்தேயு மலை என்கிறார், எந்த மலை என்று சொல்லவில்லை. மேலே இப்போதுள்ள எண்கோண ஆலயம் 1938-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் அந்தோனியோ பர்லூச்சி. எட்டுப் பக்கமும் மலைப்பிரசங்கத்தின் தொடக்கத்தில் வரும் எட்டுப் பேறுகளுக்காக. மிகப் பழைய நினைவாலயத்தின் இடிபாடு சரிவில் கீழே, தப்காவுக்கு அருகில் உள்ளது. அதனால் “இந்தப் பாறையில்தான்” என்று யாராவது சுட்டினால் தலையாட்ட வேண்டாம். மேலிருந்து ஏரி முழுவதையும் பார்க்கலாம். கப்பர்நகூம் எங்கே, எதிர்க்கரை எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். அதற்காகவே ஏற வேண்டும்.

மக்தலாவில் என்ன இருக்கிறது? பழைய பயணப் பட்டியல்களில் இந்தப் பெயர் இல்லையே?

இருக்காது. 2009-இல் யாத்திரிகர் விடுதி கட்டுவதற்கு முன் சட்டப்படி தோண்டிப் பார்த்தபோதுதான் இங்குள்ள ஜெபஆலயம் வெளிப்பட்டது. கப்பர்நகூமில் தளத்துக்கு அடியில் ஊகிக்க வேண்டியிருந்த முதல் நூற்றாண்டு, இங்கே கண் முன்னால் திறந்து கிடக்கிறது. சுவரோரக் கல் இருக்கைகள், வண்ணப் பூச்சின் மிச்சம், வண்ணக்கல் தரை. கிடைத்த நாணயங்களில் ஒன்று கி.பி. 29-ஐச் சேர்ந்தது. நடுவில் இருந்த செதுக்குக் கல்லில் ஏழு கிளை விளக்குத்தண்டு உள்ளது. எருசலேம் தேவாலயம் இடிவதற்கு முன், அது நின்றிருந்த காலத்திலேயே செதுக்கியது. தளத்தில் வைத்திருப்பது அதன் நகல்.

ஜெபஆலயத்தைத் தாண்டி நடந்தால் சந்தைத் தெருவும், நிலத்தடி நீர் தானாக ஊறி நிரம்பும், யூதர்கள் சடங்குத் தூய்மைக்காக முழுகும் குளங்களும் வரும். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலால் கிரேக்கத்தில் தாரிக்கேயா என்று பெயர் பெற்ற ஊர் இது. இயேசு கலிலேயாவின் ஜெபஆலயங்களில் போதித்தார் என்று சுவிசேஷங்கள் சொல்வதால் இங்கும் வந்திருக்கக் கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்குமேல் சான்று இல்லை.

இங்கே ஒரு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். நேரம் போதாது என்றால் வேறொன்றை விடுங்கள், மக்தலாவை விடாதீர்கள்.

கெனோசாரில் இருப்பது “இயேசுவின் படகு” என்கிறார்களே?

அவர் காலத்துப் படகு. அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். வறட்சியால் ஏரி வற்றியிருந்த 1986-இல் உள்ளூர் மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டார்கள். நீளம் சுமார் 8.2 மீட்டர், அகலம் 2.3. தண்ணீரில் ஊறிப் பஞ்சாகிப்போன மரம். காற்றுப் பட்டுக் காய்ந்தால் நொறுங்கிவிடும். அதனால் நுரைப்பொருளால் உறையிட்டு, ஏரியில் மிதக்கவிட்டே கரை சேர்த்தார்கள். பிறகு மெழுகு போன்ற வேதிக்கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து மரத்தின் நீருக்குப் பதில் அதை ஏற்றினார்கள்.

அருகில் நின்று பலகைகளைப் பாருங்கள். தேவதாரு, கருவாலி என்று தொடங்கிப் பத்துக்கு மேற்பட்ட மர வகைகள். வேறு படகிலிருந்து கழற்றிய துண்டுகளும் உண்டு. புது மரம் வாங்க வசதியில்லாத மீனவர்கள் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டிய படகு. பேதுருவின் தொழில் எப்படிப்பட்டது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் பொருள் இந்தக் கரையில் வேறில்லை.

ஏரியில் படகுப் பயணம் எப்போது போவது?

காலையில். வழக்கமான சுற்று முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கோடையில் நண்பகலுக்குப் பிறகு மத்தியதரைக் கடற்காற்று மலை இடுக்குகள் வழியே இறங்கி ஏரியைக் கலக்கிவிடும். வயதானவர்களுக்கு ஏறி இறங்குவது கடினம். குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று இன்னும் கடுமை, பயணமே ரத்தாகலாம். படகுகள் பெரும்பாலும் குழுவுக்கு வாடகை. இரண்டு மூன்று பேராகப் போனால் வேறொரு குழுவோடு சேர்த்துவிடும்படி முன்பே கேட்டுவைக்க வேண்டும். படகு கட்டாயம் என்றால் 7.30-க்கு அதை முடித்துவிட்டு, படகு நேராகக் கப்பர்நகூம் துறையில் இறக்கிவிடுமா என்று கேளுங்கள்.

யோர்தானில் ஞானஸ்நானம் அதே நாளில் முடியுமா?

ஏரியின் தென்கோடியில், நதி வெளியேறும் இடத்தில் யார்தெனித் உள்ளது. கடைசி நிறுத்தமாக வைத்தால் முடியும். அப்போது கெனோசாரை விட வேண்டியிருக்கும். இது 1981-இல் ஏற்படுத்திய வசதியான துறை. யோவான் ஸ்நானன் ஞானஸ்நானம் கொடுத்த இடமாக மரபு சொல்வது தெற்கே எரிகோ அருகே. மேற்குக் கரையில் கஸ்ர் அல்-யெஹூத், எதிரே ஜோர்டான் நாட்டின் அல்-மக்தாஸ்.

அங்கே தரும் வெள்ளை அங்கி நனைந்தால் உடலோடு ஒட்டும், உள்ளே இருப்பது தெரியும். அடியில் அடர் நிற உடை அணியுங்கள். துண்டும் மாற்றுடையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு மீன்கள் காலைக் கொத்தும், பயம் வேண்டாம்.

இன்னும் நேரம் இருந்தால்?

கோராசின். கப்பர்நகூமுக்கு மேலே சில கிலோமீட்டரில், முழுக்கக் கறுப்புக் கல்லால் ஆன ஊர். ஜெபஆலயத்தில் வைத்திருக்கும் கல் நாற்காலி, மத்தேயு 23 சொல்லும் மோசேயின் ஆசனத்துக்கு விளக்கமாகக் காட்டப்படுவது. அசல் எருசலேம் அருங்காட்சியகத்தில். கிழக்குக் கரையின் குர்சி, பன்றிக்கூட்டம் கடலில் பாய்ந்த நிகழ்ச்சியின் நினைவாக எழுந்த பைசாந்திய மடம். 1970-இல் சாலை போடும்போது கிடைத்தது. பெத்சாயிதாவுக்கு இரண்டு மேடுகள் உரிமை கோருகின்றன. முடிவான பதில் இன்னும் இல்லை. முதல்முறை வருபவர்கள் அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். அரைக்கால் சட்டையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புடவை, சுடிதார், வேட்டி எதற்கும் தடையில்லை. ஆனால் இடிபாடுகளில் புடவைக்கரை தடுக்கும், சற்று உயர்த்திக் கட்டுங்கள். பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கோடையில் புழுங்கும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி அவசியம். கப்பர்நகூமில் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. இஸ்ரேல் பணமான ஷெக்கலைச் சில்லறையாக வைத்திருங்கள்.

திருப்பலி நடத்தலாமா? தமிழில் பாடலாமா?

நடத்தலாம். போதகரோடு, குருவோடு வரும் குழுக்கள் வாரங்களுக்கு முன்பே இடமும் நேரமும் பதிவு செய்ய வேண்டும். ஆலயத்துக்குள் விளக்கவுரை கூடாது. எனவே வேத வாசிப்பையும் விளக்கத்தையும் வெளியே மரநிழலில் முடித்துவிட்டு, உள்ளே அமைதியாகப் போங்கள். பாட வேண்டுமானால் மலையிலும் தப்காக் கரையிலும் வெளிப்புற இடங்கள் உண்டு. ஒலிபெருக்கி வேண்டாம்.

சனிக்கிழமை போகலாமா?

கிறிஸ்தவத் தலங்கள் திறந்திருக்கும். ஆனால் வெள்ளி பிற்பகலிலிருந்து சனி மாலை வரை அரசுப் பேருந்துகள் அநேகமாக ஓடாது, பல உணவகங்கள் மூடியிருக்கும். கோராசின், குர்சி போன்ற தேசியப் பூங்காக்கள் வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடும். ஞாயிறு காலையில் ஆலயங்களில் வழிபாடு. பேருந்தில் போகிறவர்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரைதான் சரி. அப்போதும் பேருந்து 90-ஆம் நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். தப்காவிலிருந்து கப்பர்நகூமுக்குச் சாலையோர நடைபாதையில் நடக்க முக்கால் மணி நேரம்.

“பேதுரு மீன்” நம் நாவுக்குப் பிடிக்குமா?

நம்மூர் ஜிலேபி மீனின் உறவுதான். முழுதாகப் பொரித்து, எலுமிச்சையும் உருளை வறுவலும் வைத்துத் தருவார்கள். மசாலா இருக்காது, மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம். தட்டில் வருவது பெரும்பாலும் பண்ணை மீன். மத்தேயு 17-இல் பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்த மீன் இதுவா என்றால், சந்தேகமே: இந்த மீன் நுண்ணுயிர்களை உண்பது, வலையில் விழும், தூண்டிலை அவ்வளவாகத் தீண்டாது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கப்பர்நகூம், மலை, அப்பம் பெருகிய ஆலயம், படகுக் கூடம் ஆகியவற்றில் பெரும்பகுதி சமதளம். கஷ்டம் முதன்மை ஆலயத்தின் கரைச் சரிவிலும் கோராசினின் கரடுமுரடான கற்களிலும்தான். மடக்கு நாற்காலி ஒன்று பேருந்தில் இருக்கட்டும்.

நினைவாக ஒரு கல் எடுத்துவரலாமா?

கூடாது. தொல்லிடங்களிலிருந்து ஓட்டுச்சில்லைக்கூட எடுப்பது இஸ்ரேலின் 1978 தொல்பொருள் சட்டப்படி குற்றம். நலம் கிடைக்கும் என்று யாத்திரிகர்கள் தப்காக் கல்லிலிருந்து துண்டு துண்டாக உடைத்துச் சென்றதை எகேரியாவின் குறிப்பே சொல்கிறது. இன்று வரும் கூட்டம் அப்படிச் செய்தால் ஒன்றும் மிஞ்சாது. பழைய நாணயம் வாங்கினால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டும் கேளுங்கள். ஏரி நீரை மூடி இறுக்கிய புட்டியில், உறைக்குள் உறையிட்டு, சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

தமிழக அரசின் மானியத்தில் இந்த இடங்கள் அடங்குமா?

கிறிஸ்தவர்களின் ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கான அரசுத் திட்டம் பெத்லகேம், ஜெருசலேம், நாசரேத், ஜோர்டான் நதி, கலிலேயாக் கடல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்தத் தேதியில் சென்ற பயணம் ஏற்கப்படும், தொகை எவ்வளவு என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். நுழைவுச் சீட்டு, விமானச் சீட்டு, விசா நகல் எதையும் தூக்கி எறியாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போதைய பயண எச்சரிக்கையைப் படித்துவிட்டு, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.